இறங்கிய ஒருவர்

விமான நிலைய வருகைப் பலகையில் அந்த விமானத்துக்கு நேராக இன்னும் ‘தாமதம்’ என்றே எழுதியிருந்தது. ரேடாரிலிருந்து அது மறைந்து பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. எரிபொருள் நேற்று மாலையே தீர்ந்திருக்கும் என்றும், மழை மேகத்துக்குள் வழி தெரியாமல் மலையில் மோதியிருக்க வேண்டும் என்றும் கம்பெனியே ஒப்புக்கொண்டுவிட்டது. பலகைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

“இதைவிட மரியாதையா ஒரு பொய்யைச் சொல்ல முடியாது, டீச்சர்,” என்றான் மைக்.

டீச்சர் குடையை உதறி மடக்கினார். இருபத்திரண்டு வருஷம் பள்ளியில் கணக்கு நடத்திவிட்டு, பிறகு ஒரு மருந்துக்கடையின் மாடியில் இரண்டு அறை பிடித்துத் துப்பறியும் அலுவலகம் வைத்தவர் அவர். தொழில் மாறியதே தவிரப் பெயர் மாறவில்லை. உதவியாளனுக்கு மைக் என்று யார் பெயர் வைத்தார்கள் என்பது தெரியாது; அவன் வாய் ஓய்ந்து பார்த்தவர்கள் யாரும் இல்லாததால் ஏன் என்று கேட்டவரும் இல்லை.

அவர்களை வரச் சொன்னவள் அந்த மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண். காத்திருப்போர் கூடத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. கூடத்தில் மற்றவர்கள் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து அழுதுகொண்டிருக்க, இவள் மட்டும் அழவில்லை. அதற்கு ஒரு காரணம் அவள் கையில் இருந்தது.

“பாருங்க டீச்சர்.” கைப்பேசியை நீட்டினாள்.

கணவரிடமிருந்து வந்த செய்தி. ஒரே ஒரு சொல்: இறங்கிட்டேன். நேற்று மாலை மூன்று இருபத்தாறு.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பழைய கட்டடம், புதிய கட்டடம் என்று ஊர் ஊராகப் போய் லிஃப்ட் மாட்டுபவர், பழுது பார்ப்பவர். ஒரு வார வேலை முடிந்து நேற்று அந்த விமானத்தில் திரும்ப வேண்டியவர். விமானம் ரேடாரில் கடைசியாகத் தெரிந்தது மூன்று இருபதுக்கு, மலையின் மேற்குப் பக்கம். அதற்கு ஆறு நிமிஷம் கழித்து இறங்கிட்டேன் என்று ஒருவர் செய்தி அனுப்புகிறார் என்றால் அவர் அந்த விமானத்தில் இருந்திருக்க முடியாது என்று அவள் சொன்னாள். இரவு முழுவதும் இதே வாக்கியத்தை அவள் பலரிடம் சொல்லியிருக்க வேண்டும்; தேய்ந்துபோன படிக்கட்டு போல அது அவள் வாயில் வழவழப்பாக வந்தது.

“அப்புறம் அவர் போன்?” என்று கேட்டார் டீச்சர்.

“ஸ்விட்ச் ஆஃப். அவர் போன்ல சார்ஜ் எப்பவும் நிக்காது டீச்சர். வேற போன் வாங்குங்கன்னு நானே எத்தனை தடவை சொல்லியிருக்கேன்.”

ஒவ்வொரு பயணத்திலும் இந்தச் செய்தி வருமா என்று டீச்சர் விசாரித்தார். வரும் என்றாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக ஒருமுறைகூடத் தவறியதில்லையாம். செய்தி வந்ததும் அவள் குளிக்கத் தண்ணீர் சுடவைப்பாள். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு முக்கால் மணி நேரம். ஆனால் அவர் வந்து சேர எப்போதும் ஒரு மணி நேரத்துக்கு மேலே ஆகும். நடுவில் இருபது நிமிஷம் எங்கே போனது என்று ஒவ்வொரு தடவையும் சண்டை. நேராகத்தான் வந்தேன் என்று அவர் சாதிப்பாராம். யாரோடு நின்று வாயடித்தீர்கள் என்று இவள் விடமாட்டாளாம். சொல்லும்போது முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. இந்தக் கூடத்தில் சிரிக்கக்கூடாது என்று நினைவு வந்தவளாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

டீச்சர் அந்த இருபது நிமிஷத்தைத் தன் சிறிய நோட்டில் எழுதிக் கீழே கோடு போட்டார். ஏன் என்று அவருக்கே அப்போது தெரியவில்லை.

கம்பெனியின் சார்பில் பேச வந்திருந்த கோட்டுக்காரர் பட்டியலில் நாற்பத்தொரு பேர் என்றதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கின் பெயர் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் இருந்தால் விமானத்தில் இருந்தார் என்று அர்த்தமா என்று கேட்டதற்கு, விசாரணை நடக்கிறது என்றார்.

“அவர் வாயைத் திறந்தா கதவு சாத்தற சத்தம்தான் வருது,” என்றான் மைக். “நான் பின்வாசல் வழியாப் போறேன்.”

பின்வாசல் என்றால் பெட்டி ஏற்றி இறக்குகிற இடம். அரை மணி நேரத்தில் நனைந்த தலையோடு ஓடிவந்தான். அங்கே ஒரு லோடரோடு ஒரே நெருப்பில் சிகரெட் பற்றவைக்கிற அளவுக்கு நட்பாகிவிட்டதாகவும், விமானம் கிளம்பிய ஊரில் இருக்கும் லோடர் இவருக்கு மச்சான் என்றும் சொன்னான். மச்சான் நேற்று போனில் சொன்ன சேதிதான் முக்கியம். விமானத்தின் கதவு மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் பயணி ஒருவர் இறங்கிவிட்டார். அவருடைய பெட்டியைத் தேடி எடுத்துக் கீழே போட மழையில் பத்து நிமிஷம் பிடித்தது. கனமான பெட்டி, தூக்கும்போது உள்ளே இரும்பு கலகலவென்று சத்தம் போட்டதாம்.

“பட்டியல்ல நாற்பத்தொண்ணு. ஏறிப் போனது நாற்பது,” என்றான் மைக்.

மருந்துக்கடைப் பெண் எழுந்து நின்றாள். “இரும்பா? அண்ணா, இரும்புன்னா சொன்னாங்க?”

“இரும்புன்னுதான் சொன்னாங்க, தங்கச்சி.”

அவள் மறுபடி உட்காரவில்லை. முன்வரிசையில் இருந்த வயதான ஒருவர் திரும்பி, அந்த இறங்கினவர் ஆணா பெண்ணா என்று கேட்டார். தெரியவில்லை என்று மைக் சொன்னதும், ஏதோ ஒரு சீட்டுக் குலுக்கலில் தன் எண்ணும் இருக்கிறது என்பதுபோல அவர் பார்வை மாறியது. அவர் பக்கத்தில் இருந்தவரும் திரும்பினார். சொல்லியிருக்க வேண்டாமோ என்று மைக் முதல்முறையாக யோசித்தான்.

இறங்கினவர் யார் என்று மச்சானிடம் கேட்டுச் சொல்லும்படி லோடரிடம் சொல்லிவைத்திருந்தான். அதுவரை சும்மா இருக்க டீச்சரால் முடியவில்லை. இந்த ஊரில் கணவர் வேறு யாரைத் தொடர்புகொள்ளக் கூடும் என்று கேட்டார். கூடவே வேலை செய்யும் கூட்டாளி ஒருவர்தான் என்றாள். இன்றைக்கு அவரோடு சேர்ந்து ஒரு எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கயிறு மாற்ற வேண்டியிருந்தது. கூட்டாளி காலையிலிருந்து போனை எடுக்கவே இல்லை.

கிளம்பும்போது கைப்பேசியை அவளே டீச்சர் கையில் திணித்தாள். “இதை வச்சுக்கோங்க. எங்க இறங்கினார்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. நான் போய்க் கூட்டிட்டு வந்துடுவேன்.”

வெளியே போகும் வழியில், ஊழியர்கள் டேபிள் டென்னிஸ் ஆடும் அறையில் மீட்புக்குழு அதிகாரி மேஜைமேல் வரைபடத்தை விரித்துவைத்திருந்தார். வலை கழற்றப்படாமல் வரைபடத்தின் நடுவே ஒரு வேலிபோல நின்றது. மேற்குச் சரிவில் மூன்று சிவப்புக் குண்டூசிகள், மூன்று குழுக்கள். ஹெலிகாப்டர் எழும்ப முடியாத பனிமூட்டம். மேற்குப் பக்கம் முழுக்க ஒரு டவர்கூடக் கிடையாது, வயர்லெஸ் பெட்டியும் ஈரத்தில் மக்கர் செய்கிறது, அனுப்பிய ஆட்கள் என்ன ஆனார்கள் என்றே தெரியவில்லை என்று அதிகாரி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு கைகளாலும் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தார். அவ்வளவு பெரிய மனிதருக்குப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லாததுபோல் இருந்தது.

எட்டு மாடிக் கட்டடத்தின் வாசலில் ‘லிஃப்ட் வேலை செய்யாது’ என்ற அட்டை தொங்கியது. கூட்டாளி ஆறாவது மாடியில் இருப்பதாகக் காவல்காரர் சொன்னார்.

“துப்பறியறதுக்கு மூளை வேணும்னுதான் சொன்னாங்க. முழங்காலைப் பத்தி யாரும் மூச்சு விடலை,” என்றபடி மைக் படி ஏறினான்.

கூட்டாளி நாற்பது வயதுக்காரர். கண்கள் சிவந்திருந்தன. செய்தி கேட்டதிலிருந்து போனை எடுக்கப் பயமாக இருக்கிறது, எடுத்தால் யாராவது முடிவாகச் சொல்லிவிடுவார்கள் என்றார். வீட்டில் உட்கார முடியவில்லை. அதனால்தான் வேலைக்கு வந்துவிட்டாராம். நண்பர் தன்னைக் கூப்பிடவில்லை, செய்தியும் அனுப்பவில்லை என்றார். ஒருவர் இறங்கிவிட்ட விஷயத்தை மைக் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. இரும்புச் சத்தம் போட்ட பெட்டி என்றதும் அந்த மலர்ச்சி அப்படியே நின்றுவிட்டது.

“அவன் சாமான் எதையும் பிளேன்ல கொண்டு போகமாட்டான். ஒரு தடவை ஸ்பேனரைப் பிடுங்கி வச்சுக்கிட்டாங்க. அதிலேர்ந்து எல்லாம் லாரி பார்சல்தான்.” சுவரோரம் காட்டினார். பச்சைத் தார்ப்பாய்ப் பை ஒன்று இருந்தது. வாய் கட்டிய கயிற்றில் பார்சல் சீட்டு தொங்கியது. “முந்தாநாளே வந்துடுச்சு.”

மைக் அந்தப் பையைக் காலால் மெதுவாகத் தொட்டான். உள்ளே இரும்பு கலகலத்தது.

“சரி, அவர் இறங்கலைன்னு இதுல ஒண்ணும் இல்லையே,” என்றான் உடனே. “பெட்டி வேற யாரோடதாவது மாறி எடுத்திருக்கலாம். லோடர்கள் என்ன, அத்தனை பெட்டிக்கும் ஜாதகம் பார்த்தா எடுப்பாங்க?”

ஏழாவது மாடியிலிருந்து யாரோ லிஃப்ட் எப்போது ஓடும் என்று எட்டிப் பார்த்துக் கத்தினார்கள். கூட்டாளி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இரண்டு நிமிஷ வேலை, முடித்துவிட்டு வருகிறேன் என்றார். லிஃப்ட் கதவை இழுத்துத் திறந்தார். உள்ளே இருட்டுக் குழி. ஒரு ஆள் உயரத்துக்குக் கீழே லிஃப்ட் பெட்டியின் கூரை தெரிந்தது. மொட்டைமாடி மோட்டார் அறையில் இன்னொரு ஆள் இருந்தார்.

கூட்டாளி தலையை அண்ணாந்து உரக்கக் குரல் கொடுத்தார். “இறங்கிட்டேன்.”

“கையெடுத்துட்டேன்,” என்று மேலிருந்து பதில் வந்தது.

கூட்டாளி இன்னும் வராந்தாவின் டைல்ஸ் தரையில்தான் நின்றிருந்தார். இரண்டு கால்களும் வெளியேதான்.

“அண்ணே, இறங்கிட்டேன்னு ஊருக்கே சொல்லிட்டு இங்கயே நிக்கறீங்க,” என்று மைக் சிரித்தான். “நான்கூட மாப்பிள்ளை வந்துட்டார்னா மண்டபத்துல எட்டிப் பார்ப்பேன். தெருமுனையிலதான் இருப்பார்.”

“எங்க தொழில் அப்படிங்க. இறங்கினப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்? நான் காலை வைக்கற நேரத்துல மேல இருக்கறவன் சுவிட்சைத் தட்டிட்டான்னா? இறங்கறேன்னு சொன்னா, இன்னும் நேரம் இருக்குன்னு அவன் அசட்டையா இருப்பான். அதனால இறங்கறதுக்கு முன்னாடியே இறங்கிட்டேன்னு சொல்லிடணும். அவன் கையெடுத்துட்டேன்னு சொன்னாத்தான் காலை எடுத்து வைக்கணும்.” ஒரு காலைக் குழிக்குள் விட்டார். “அவன்தான் எனக்குப் பழக்கினான். வீட்டுல மாடிப்படி இறங்கினாக்கூட முதல்லயே சொல்லிடுவான்.”

மைக்கின் சிரிப்பு முகத்திலேயே தங்கிவிட்டது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் டீச்சரைப் பார்த்தான்.

டீச்சர் நோட்டைத் திறந்திருந்தார். இருபது நிமிஷம். கீழே ஒரு கோடு.

மூன்றாவது மாடி வரை இருவரும் இறங்கினார்கள். அங்கே டீச்சர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பதினோரு வருஷமா அந்த மனுஷன் நேராத்தான் வீட்டுக்கு வந்திருக்கார். விமானம் கீழே இறங்க ஆரம்பிச்சதும், சிக்னல் கிடைச்ச உடனே செய்தியைத் தட்டிடுவார். தரையைத் தொட்டு, கதவு திறந்து, வெளியே வர இருபது நிமிஷம்.”

“டீச்சர், இந்த ஒரு தடவை உங்க கணக்கு தப்பா இருக்கட்டும்.”

“நானும் அதைத்தான் பார்க்கறேன். தப்பு வரமாட்டேங்குது.”

மைக்கின் கைப்பேசி அடித்தது. லோடர். இறங்கிய பயணி பூட்டு விற்கும் ஒரு ஏஜென்ட். பெட்டி நிறைய மாதிரிப் பூட்டுகள். மழையைப் பார்த்துப் பயம் வந்து, உயிரே போனாலும் ஏறமாட்டேன் என்று இறங்கிவிட்டாராம். நேற்றிலிருந்து அறைக் கதவைத் திறக்காமல் படுத்திருக்கிறாராம். மைக் நன்றி என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தான்.

அடுத்த மாடியில் டீச்சர் மறுபடி நின்றார். இந்த முறை வேறு மாதிரி.

“மேற்குப் பக்கம் டவரே இல்லைன்னு அந்த அதிகாரி சொன்னார் இல்ல?”

“ஆமா.”

“அப்போ இந்தச் செய்தி எப்படிப் போச்சு?”

விமான நிலையத்துக்குத் திரும்பியபோது மணி ஒன்றரை. கூடத்து வழியாகப் போகாமல் பக்கவாட்டுக் கதவால் நுழைந்தார்கள். மருந்துக்கடைப் பெண்ணின் முகத்தை வெறும் கையோடு பார்க்க டீச்சருக்குத் தெம்பில்லை. அதிகாரி முதலில் எரிச்சலோடுதான் கேட்டார். மூன்று இருபத்தாறு என்ற எண்ணைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கைப்பேசிக் கம்பெனியைப் பிடித்து, அந்த ஒற்றைச் சொல் எந்த டவர் வழியாக வந்தது என்று கேட்டார். பதில் வர ஐம்பது நிமிஷம் ஆனது. அந்த ஐம்பது நிமிஷமும் மைக் ஒரு நகைச்சுவைகூடச் சொல்லாமல், வரைபடத்தின் நடுவே நின்ற வலையை முடிச்சு முடிச்சாக அவிழ்த்து எடுத்தான்.

அணைக்கட்டு டவர். மலையின் கிழக்குப் பக்கம்.

ரேடாரின் கண்ணை மலை மறைத்த பிறகும் விமானம் ஆறு நிமிஷம் பறந்திருக்கிறது. மேகத்தைச் சுற்றிக்கொண்டு கிழக்கே வந்து, தாழ்ந்து, தாழ்ந்து. அந்தத் தாழ்வில் ஒரு பயணியின் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைத்திருக்கிறது. இறக்கம் தொடங்கிவிட்டது என்று அவர் நினைத்திருக்கிறார். மலைதான் நெருங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அதிகாரி மூன்று குண்டூசிகளையும் பிடுங்கினார். நேற்றிலிருந்து மூன்று குழுக்கள் தப்பான சரிவில் உயிரைக் கொடுத்துத் தேடியிருக்கின்றன. அவர்கள் இறங்கி வரவே இன்னும் ஒரு நாள். புதிதாக ஒரு குழுவை இப்போதே வண்டியில் அணைக்கட்டுக்கு அனுப்பலாம். ஆனால் அங்கிருந்து ஏழு மணி நேர ஏற்றம், நாளை விடியாமல் அடியெடுத்து வைக்க முடியாது. பனி விலகுமா என்று டீச்சர் கேட்டார். அதிகாரி ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை.

“இடம் தெரிஞ்சுபோச்சு,” என்றார் அவர். “தெரிஞ்சும் என்னால ஒண்ணும் பண்ண முடியலை. நேத்துத் தெரியாம இருந்ததே மேல்.”

மருந்துக்கடைப் பெண் அறை வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று யாருக்கும் தெரியவில்லை.

“எங்க இறங்கினார்னு தெரிஞ்சுதா டீச்சர்?”

டீச்சர் அவளை நாற்காலியில் உட்காரவைத்துத் தானும் எதிரே உட்கார்ந்தார். பூட்டு ஏஜென்டைப் பற்றிச் சொன்னார். பச்சைப் பையைப் பற்றிச் சொன்னார். குழிக்கு வெளியே நின்றுகொண்டு குரல் கொடுத்த கூட்டாளியைப் பற்றிச் சொன்னார். வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளைக்குப் புரியவேண்டும் என்பதுபோல் ஒவ்வொரு படியாகத்தான் சொன்னார். ஆனால் இவள் இரண்டு படி முன்னாலேயே போய்விட்டாள்.

“அப்போ அந்த இருபது நிமிஷம்...”

“ஆமாம்மா.”

“அவர் யார்கூடயும் நின்னு பேசலை.”

“இல்லை. நேராத்தான் வந்திருக்கார்.”

அவள் கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டாள். கூடத்திலிருந்த சிலர் வாசலில் வந்து நின்றார்கள். முன்வரிசை வயதானவர் தயங்கித் தயங்கி, அந்தச் செய்தியை நானும் ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டார். அந்த விமானத்திலிருந்து வெளியே வந்தது அது ஒன்றுதான். அவள் நீட்டினாள். அவர் படித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். கை மாறி மாறிப் போய் அது அவளிடமே திரும்பி வந்தது.

நான்கு மணிக்கு வண்டி வாசலில் வந்து நின்றது. குழுவின் தலைவர் ஒரு வனக்காவலர். ஒல்லியான, தாடி நரைத்த ஆள். மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தராசுக் கொக்கியில் மாட்டி எடைபார்த்து ஏற்றிக்கொண்டிருந்தார். மருந்துக்கடைப் பெண் அவரிடம் போய், மேலே ரொம்பக் குளிருமா என்று கேட்டாள். பொய் சொல்லத் தெரியாதவர்போல அவர், குளிரும் என்றார்.

“அரைக்கைச் சட்டைதான் போட்டிருப்பார்.” போட்டிருந்த ஊதா ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து நீட்டினாள்.

ஒரு ஆளுக்கு இவ்வளவுதான் என்று எடை வைத்திருக்கிறோம், அதற்கு மேல் ஒரு துணிகூட ஏற்ற முடியாது என்று வனக்காவலர் சொன்னார். அவள் கையை மடக்கவில்லை. மழைத்துளிகள் ஸ்வெட்டரின்மேல் விழுந்தன. மைக் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். டீச்சர் அவன் தோளில் கைவைத்தார். வனக்காவலர் தன் மூட்டையை அவிழ்த்து, தன்னுடைய மாற்றுச் சட்டையை எடுத்து டிரைவர் சீட்டில் போட்டுவிட்டு, ஸ்வெட்டரை வாங்கி உள்ளே வைத்துக் கட்டினார்.

“மேல போனதும் நாங்க குரல் கொடுத்துக்கிட்டேதான் தேடுவோம்மா. அவரை என்ன சொல்லிக் கூப்பிடட்டும்?”

அவள் யோசிக்கவே இல்லை.

“ஏங்கன்னு கூப்பிடுங்க. நான் அப்படித்தான் கூப்பிடுவேன். எந்த இரைச்சல்லயும் திரும்பிடுவார்.”

வனக்காவலர் தலையசைத்தார். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்துமுன், வராத ஒரு பாஷையைப் பழகுவதுபோல, அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.